பரிசுப் பட்டியலைப் படிக்காமல் ஆடிய நாட்கள்

11 பேர் மிஞ்சியிருந்தோம். டிக்கெட் 10. அது ஒரு போக்கர் சாட்டிலைட் டோர்னமென்ட். ஜெயிப்பவர்களுக்குக் கையில் பணம் கொடுக்க மாட்டார்கள். இன்னொரு பெரிய டோர்னமென்டில் உட்காரும் இடம்தான் பரிசு. முதலாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் அதே டிக்கெட்தான். பதினொன்றாவதாக வருபவருக்கு எதுவும் கிடையாது.

என்னிடம் 14 பிக் பிளைண்ட் இருந்தது. சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்து ஒருவர் கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயம்தான் பிக் பிளைண்ட்; அதுபோல 14 மடங்கு. சிப், அதாவது பந்தய வில்லை, யாரிடம் எவ்வளவு என்ற வரிசையில் ஆறாவது இடம். பக்கத்து டேபிளில் ஒருவரிடம் ஒன்றரை பிளைண்ட் அளவுக்குத்தான் சிப் இருந்தது. எங்கள் டேபிளில் இன்னொருவரிடம் மூன்று. இரண்டு டேபிளிலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிப் வைத்திருந்தவர் பட்டன் எனப்படும் டீலர் இடத்திலிருந்து ஆல்-இன் என்றார், அதாவது மொத்தச் சிப்பையும் பந்தயமாக வைத்தார். நான் பிக் பிளைண்டில் இருந்தேன். சீட்டின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தேன். இரண்டு குயின். ஒரு நொடிகூட யோசிக்காமல் கால் சொன்னேன், அதாவது அவர் பந்தயத்துக்கு ஈடாக என் சிப் முழுவதையும் வைத்தேன்.

அவர் ஏஸ்-ஒன்பதைத் திருப்பினார். ஃபிளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஒன்றும் இல்லை. நாலாவது சீட்டான டர்னில் ஒரு நான்கு. கடைசிச் சீட்டான ரிவரில் ஏஸ். அவருக்கு ஏஸ் ஜோடி, நான் வெளியே.

ஒரு வாரம் அந்த ஏஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பல வருடம் அதிகமாக ஆடிய நண்பர் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். நான் சொன்ன சீட்டுகளை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"எத்தனை பேர் இருந்தீங்க?"

"பதினொன்னு அண்ணே."

"டிக்கெட்?"

"பத்து."

"உன்னைவிடக் கம்மியா சிப் வெச்சிருந்தவங்க?"

"அஞ்சு பேர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எதுக்குத் தம்பி கால் பண்ணே?"

"ரெண்டு குயின் அண்ணே."

"ரெண்டு ஏஸாவே இருக்கட்டும். எதுக்கு?"

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏஸ் ஜோடியைக் கீழே போடச் சொல்லும் ஆளிடம் என்ன பேசுவது? வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எந்த இரண்டு சீட்டை வைத்து மொத்தச் சிப்பையும் தள்ளியிருந்தாலும், குயின் ஜோடி ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம். ஏஸ் ஜோடி என்றால் சுமார் 85. ஆக, கால் சொல்லி டிக்கெட் வாங்கும் வாய்ப்பு எனக்கு அதிகபட்சம் 80. ஃபோல்ட் செய்து, அதாவது சீட்டைக் கீழே போட்டு ஒதுங்கியிருந்தால்? எனக்குக் கீழே ஐந்து பேர், அதில் இருவர் இன்னும் சில ஹேண்டுகளில் பிளைண்டுக்கே சிப் போதாமல் நிற்கப்போகிறவர்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே 95க்குக் குறையாது. 95ஐ விட்டுவிட்டு 80ஐ வாங்கியிருக்கிறேன். ரிவரில் ஏஸ் வராமல் போயிருந்தாலும் அது தப்பான கால்தான். ஜெயித்திருந்தால் அந்தத் தப்பு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அதுவரை நான் போக்கரைச் சீட்டுக் கணக்காக மட்டும்தான் பார்த்திருந்தேன். என் கை நல்ல கையா, எதிராளி எதை வைத்திருப்பான், நடுவில் குவிந்த பந்தயம் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தாண்டி யோசித்ததில்லை. டோர்னமென்டாக இல்லாமல் நேரடியாகப் பணத்துக்கு ஆடும் கேஷ் கேமில் இது போதும். அங்கே ஒவ்வொரு சிப்புக்கும் முகத்திலேயே விலை எழுதியிருக்கிறது. எழுந்து போய்க் கவுன்ட்டரில் கொடுத்தால் அந்தப் பணம் கிடைக்கும். டோர்னமென்ட் சிப்பை அப்படி யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதற்கு விலை கொடுப்பது சுவரில் ஒட்டியிருக்கும் பரிசுப் பட்டியல். பட்டியல் மாறினால் அதே சிப்புக்கு வேறு விலை. நான் அந்தப் பட்டியலைப் பார்க்காமலே வருடக்கணக்கில் ஆடியிருக்கிறேன்.

அண்ணன் எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே சொல்கிறேன். இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

10 பேர், ஆளுக்கு 10 போட்டு மொத்தம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசு 50, இரண்டாவது 30, மூன்றாவது 20. இப்போது நான்கு பேர் மிச்சம். நால்வரிடமும் 5,000 சிப். எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதால் ஒவ்வொருவரின் பங்கும் 25. இப்போது ஒருவர் ஆல்-இன் போகிறார், நீங்கள் கால் சொல்கிறீர்கள், ஜெயிக்கிறீர்கள். சிப் 10,000 ஆகிவிட்டது, இரண்டு மடங்கு. பங்கும் இரண்டு மடங்காகி 50 ஆகிவிட்டதா? மொத்தச் சிப்பையும் ஜெயித்தாலே முதல் பரிசு 50தான். பாதிச் சிப்புக்கு 50 எப்படி வரும்?

சரி, எவ்வளவு வரும்? பாதிச் சிப் இருப்பதால் முதலாவதாக வரும் வாய்ப்பு பாதி. வேறொருவர் முதலாவதாக வந்துவிட்டால், மிஞ்சும் 15,000 சிப்பில் 10,000 உங்களுடையது. அதனால் இரண்டாவது இடம் கிடைக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. இவற்றைப் பரிசுகளோடு பெருக்கிக் கூட்டினால் 38.33 வருகிறது. தோற்றால் நாலாவது இடம், பூஜ்யம். ஆக, கையில் இருக்கும் 25ஐப் பந்தயமாக வைத்து 38.33க்கு ஆடுகிறீர்கள். நஷ்டமில்லாமல் இருக்கவே 65 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்க வேண்டும். சிப்பை மட்டும் எண்ணினால் 50 சதவீதம் போதும் என்று தோன்றியிருக்கும். எதிராளியிடம் ஏதோ இரண்டு சீட்டு இருப்பதாக வைத்தால், ஏஸ்-கிங் ஜெயிப்பது சராசரியாகச் சுமார் 65 சதவீதம். அதாவது, எதிராளி சீட்டையே பார்க்காமல் தள்ளினாலும், அந்த இடத்தில் ஏஸ்-கிங் சரிக்குச் சரி நிற்கும் கைதான். பிளைண்டில் கிடக்கும் சிப்பைச் சேர்த்தால் எண் கொஞ்சம் இறங்கும். ஆனாலும் படம் மாறாது.

எனக்கு அதிகம் வலித்தது அதற்கு அடுத்த வரி. நீங்கள் 38.33 வாங்கினால் மிச்சம் 61.67 எங்கே போயிற்று? ஆட்டத்தில் கலந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்த மற்ற இருவருக்கும். ஆளுக்கு 25 ஆக இருந்தது 30.83 ஆகிவிட்டது. அவர்கள் ஒரு சிப்பைக்கூட நகர்த்தவில்லை. இரண்டு பேர் மோதிக்கொண்டால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு லாபம். இது புரிந்த பிறகு, என் டேபிளில் இருவர் மோதும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன்.

இந்தக் கணக்கு முறைக்கு ஐசிஎம், இன்டிபென்டென்ட் சிப் மாடல், என்று பெயர். இதன் அடிப்படைச் சூத்திரம் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. எந்தக் குதிரை இரண்டாவதாக, மூன்றாவதாக வரும் என்பதற்கு டேவிட் ஹார்வில் 1973இல் எழுதியது. அதை 1980களில் போக்கருக்குக் கொண்டுவந்தவர் மேசன் மால்முத். டேபிளில் உட்கார்ந்துகொண்டு இதைப் போட முடியாது, போடவும் தேவையில்லை. வீட்டில் நூறு முறை போட்டுப் பார்த்தால் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்.

அப்புறம் நான் மறுபக்கத்திலும் உட்கார்ந்தேன். ஒரு டோர்னமென்டில் பரிசு எல்லைக்கு இன்னும் இரண்டு பேர் வெளியேற வேண்டும். பப்பிள் என்று சொல்வார்கள் அல்லவா, அந்த நேரம். எல்லா டேபிளும் ஒரே சமயத்தில் ஒரு ஹேண்ட் ஆடி முடித்து, அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். என்னிடமும் இன்னொருவரிடமும்தான் டேபிளிலேயே அதிகச் சிப். எனக்கு இடப்பக்கம் இருந்தவரிடம் 20 பிளைண்ட். நல்ல ஆட்டக்காரர். அவர் சீட்டைப் பார்ப்பார், சிப்பைத் தொடுவார், எழுந்து அடுத்த டேபிளை எட்டிப் பார்ப்பார், உட்கார்ந்து ஃபோல்ட் செய்வார். இது தொடர்ந்து பல ஹேண்ட் நடந்தது. நான் ஒவ்வொரு முறையும் ரெய்ஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை உயர்த்தினேன். பாதி நேரம் என் கையில் ஒன்றுமே இல்லை. அவர் என்னிடம் தோற்றால் அங்கேயே வெளியே. நான் அவரிடம் தோற்றாலும் பாக்கிச் சிப்போடு உட்கார்ந்திருப்பேன். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஆடினேன்.

இதில் எனக்கு ஆச்சரியம் தந்தது, அதிகம் கட்டுண்டு கிடப்பவர்கள் நடுவில் இருப்பவர்கள் என்பது. மிகக் குறைந்த சிப் வைத்திருப்பவருக்கு இழக்க அதிகம் இல்லை. அவர் துணிந்து தள்ளலாம். நடுவில் இருப்பவருக்குத்தான், தனக்கு முன்னால் வெளியேறக்கூடிய ஒருவர் இருக்கும்போது, தான் வெளியேறினால் அவ்வளவும் நஷ்டம். அன்றைக்கு நான் செய்த ஒரே தப்பு, என் அளவுக்குச் சிப் வைத்திருந்த அந்த இன்னொருவரோடு ஜாக் ஜோடியை வைத்து மோதியது. ஜெயித்தேன். ஆனாலும் தப்புதான். என்னை வெளியே அனுப்பக்கூடிய ஒரே ஆள் அவர். சுற்றிலும் பயந்து ஃபோல்ட் செய்ய ஆறு பேர் இருக்கும்போது அவரிடம் எனக்கு என்ன வேலை?

இதெல்லாம் பரிசு படிப்படியாக ஏறும் டோர்னமென்டுக்குத்தான். போக்கர் ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்டில் 1971 முதல் 1977 வரை ஜெயித்தவருக்கே எல்லாம். 1977இல் டாயில் பிரன்சன் 3,40,000 டாலரையும் முழுசாக எடுத்துக்கொண்டார். இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றும் இல்லை. 1978இல்தான் முதன்முறையாக ஐந்து பேருக்குப் பிரித்தார்கள். 42 பேர், ஆளுக்கு 10,000 டாலர். பாபி பால்ட்வின் அதில் பாதியை, 2,10,000 டாலரை வாங்கினார். அதற்குப் பிறகு வடிவம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2014இல் முதல் பரிசு 1 கோடி டாலர் என்று முன்கூட்டியே உறுதி சொல்லிவிட்டார்கள். இரண்டாம் பரிசு 51 லட்சத்துக்குச் சற்று மேல். 6,683 பேர் ஆடியதில் 693 பேருக்குத்தான் பரிசு. அடுத்த வருடமே முதல் பரிசைச் சுமார் 77 லட்சம் டாலருக்கு இறக்கி, 1,000 பேருக்குப் பரிசு கொடுத்தார்கள். கடைசிப் பரிசு 15,000 டாலர். ஆட்டமும் அதே, நுழைவுக் கட்டணமும் அதே 10,000 டாலர். ஆனால் 2014இல் கடைசி இருவர் எதிரெதிரே உட்கார்ந்தபோது நடுவில் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர் இருந்தது. அடுத்த வருடம் எழுநூறாவது இடத்தில் இருந்தவருக்குப் பரிசு உண்டு, அதற்கு முந்தைய வருடம் கிடையாது. பட்டியலில் செய்யும் ஒரு மாற்றம் எத்தனை பேரின் எத்தனை முடிவுகளை மாற்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைத் தலைகீழாகவும் கற்றுக்கொண்டேன். பப்பிளில் பொறுமை காக்கப் பழகிய பிறகு, ஜெயிப்பவருக்கே எல்லாம் என்ற சின்ன டோர்னமென்ட் ஒன்றில் ஆடினேன். 12 பேர். பழக்க தோஷம், பதுங்கிப் பதுங்கி ஆடி மூன்றாம் இடம் வரை வந்தேன். யாராவது வெளியேறும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு நிம்மதி. எதற்கு அந்த நிம்மதி? அங்கே மூன்றாம் இடத்துக்கும் பன்னிரண்டாம் இடத்துக்கும் ஒரே பரிசு, அதாவது ஒன்றுமில்லை. ஒரே பரிசு இருக்கும் ஆட்டத்தில் சிப் இரண்டு மடங்கானால் பங்கும் சரியாக இரண்டு மடங்காகும். 55 சதவீத வாய்ப்பு வந்தால் அள்ளிக்கொள்ள வேண்டும். நான் அப்படிப்பட்ட மூன்று இடங்களில் ஃபோல்ட் செய்திருந்தேன். கடைசியில் ஆறு பிளைண்டோடு தள்ளி வெளியேறினேன்.

சாதாரண டோர்னமென்டிலும் கடைசி இருவர் ஆடும்போது இதே கதைதான். 50, 30, 20 என்ற பட்டியலில் கடைசி இருவருக்கும் 30 உறுதியாகிவிட்டது. மிச்சமிருக்கும் 20க்குத்தான் ஆட்டம். அது ஜெயிப்பவருக்கே எல்லாம். ஃபைனல் டேபிளில் மணிக்கணக்காக இறுக்கமாக ஆடியவர்கள் இருவர் ஆனதும் அதே இறுக்கத்தோடு ஆடி, நல்ல வாய்ப்புகளைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பவுண்டி டோர்னமென்ட் இன்னொரு மாதிரி. கட்டணத்தில் ஒரு பகுதி வழக்கமான பரிசுக்கும், ஒரு பகுதி ஒவ்வொருவர் தலைக்கும் போகும். தலைவிலை ஏறிக்கொண்டே போகும் வகையில், நீங்கள் ஒருவரை வெளியேற்றினால் அவர் தலைவிலையில் பாதி உடனே உங்கள் கைக்கு வரும், மறுபாதி உங்கள் தலைமேல் ஏறும். உடனே பணம் வருவதால் கொஞ்சம் மட்டமான கையோடும் கால் சொல்லலாம். ஆனால் அது எதிராளியின் சிப் அளவுக்காவது உங்களிடம் இருந்தால்தான். அவரிடம் அதிகம் இருந்தால் ஜெயித்தாலும் அவர் போக மாட்டார், தலைவிலையும் வராது. நான் முதலில் ஆடியபோது இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல், எல்லா ஆல்-இன்னுக்கும் தாராளமாகக் கால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பரிசுப் பட்டியலில் பலரும் கவனிக்காதது படிகள். பெரும்பாலான டோர்னமென்டில் ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பரிசு கிடையாது. 18 முதல் 16 வரை ஒரே தொகை, 15 முதல் 13 வரை ஒரே தொகை என்று கொத்தாகப் போட்டிருப்பார்கள். ஒருமுறை 18 பேர் மிஞ்சியிருந்தோம். ஒருவர் வெளியேறட்டும் என்று டேபிள் முழுக்க ஃபோல்ட், ஃபோல்ட் என்று போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த படிக்கு ஒருவர் போனால் போதாது, மூன்று பேர் போக வேண்டும். இல்லாத படிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் சண்டை இல்லாமலே என் சிப் ஒன்றரை மடங்கானது. 16 பேர் ஆனதும் நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் மற்றவர்கள் துணிய ஆரம்பித்திருந்தார்கள்.

ஆட்டத்தை நிறுத்தி மிச்சப் பரிசைப் பிரித்துக்கொள்ள டீல் பேசும் நேரத்திலும் இந்தக் கணக்குத்தான் காப்பாற்றும். மூன்று பேர் மிச்சம். பாக்கிப் பரிசு 50, 30, 20. ஒருவரிடம் 60 சதவீதச் சிப், அடுத்தவரிடம் 25, என்னிடம் 15. "ஆளுக்கு மூணாவது பரிசை எடுத்துக்கலாம், மிச்சத்தைச் சிப்புக்குத் தக்கபடி பிரிச்சுக்கலாம்" என்றார் முன்னணியில் இருந்தவர். கேட்க நியாயமாக இருந்தது. அப்படிப் பிரித்தால் அவருக்கு 44, நடுவில் இருந்தவருக்கு 30, எனக்கு 26. ஐசிஎம் கணக்கில் அவருக்கு 41, நடுவில் இருப்பவருக்கு 31.7, எனக்கு 27.3 வரும். பிரிக்கும் முறை எங்கே கோணலாகிறது என்று பார்க்க, முன்னணிக்காரரிடம் 90 சதவீதச் சிப் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிப்புக்குத் தக்கபடி பிரித்தால் அவருக்கு 56 வரும். ஜெயித்தாலே 50தான். இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு ஐசிஎம் எண்ணுக்கே ஒத்துக்கொண்டார். டீல் பேசும்போது முதலில் சொல்லப்படும் எண்ணுக்குத் தலையாட்டாதீர்கள். ஐந்து நிமிடம் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கணக்கு பார்க்காததையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஹேண்டில் பிக் பிளைண்ட் என்மேல் வருகிறதா, என் வலப்பக்கம் இருப்பவர் அனுபவசாலியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டு பிளைண்ட் மிச்சமிருக்கும் ஒருவர் பட்டனில் இருப்பதும் பிக் பிளைண்டுக்கு முன்னால் இருப்பதும் அதற்கு ஒன்றுதான், டேபிளில் ஒன்றல்ல.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதே அண்ணன், எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர், ஒரு ஃபைனல் டேபிளில் நான்கு பேர் மிஞ்சியபோது ஏஸ்-குயினை ஃபோல்ட் செய்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிச்சயம் கால் சொல்ல வேண்டிய இடம்; எந்தக் கணக்கில் போட்டாலும். அடுத்த சில நிமிடங்களில் வேறொருவர் வெளியேற, அண்ணனுக்கு மூன்றாம் பரிசு உறுதியானது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"அது கால் தானே அண்ணே?"

"கால்தான்" என்றார். "ஆனா மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருந்த பணம் இந்த மாசம் எனக்கு வேணும்."

ஒரு ரூபாய் எல்லோருக்கும் ஒரே மதிப்பு என்று எடுத்துக்கொண்டுதான் ஐசிஎம் கணக்குப் போடுகிறது. வாழ்க்கையில் அப்படி இல்லை. அந்த ஃபோல்டை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரே பிறகு ஒரு நாள் சொன்னார், அன்றைக்கு அந்த டேபிளில் உட்கார்ந்த கட்டணமே தனக்கு அதிகம் என்று. மூன்றாம் பரிசுக்காகக் கை நடுங்கும் அளவுக்கு ஒரு டோர்னமென்ட் பெரிதாக இருந்தால், எதிரே இருப்பவர்கள் அதைப் பார்த்துவிடுவார்கள்.

அந்த வாரமே நான் என் டோர்னமென்டுகளின் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். இப்போது உட்காருவதற்கு முன்னால் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று எண்களை எழுதிக்கொள்கிறேன்: எத்தனை பேருக்குப் பரிசு, கடைசிப் பரிசு கட்டணத்தில் எத்தனை மடங்கு, முதல் பரிசு மொத்தத்தில் எத்தனை சதவீதம். இடைவேளையில் அதன் கீழேயே படிகளைக் குறித்துக்கொள்கிறேன். போன மாதம் அப்படி ஒரு சாட்டிலைட்டில், 12 பேர் மிஞ்சி 10 டிக்கெட் இருந்தபோது, கிங் ஜோடியைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் என் சீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நான் காட்டவில்லை.